பூண்டு உடைந்த குளிர்காலம்

அந்தக் காலத்தில், நாயும் எருமையும் மட்டுமல்ல, பரணில் தொங்குகிற பூண்டுகூட வாய்திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், மேல்மலையில் வீரணன், சடையன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். அப்பனும் ஆத்தாளும் விட்டுப்போன சரிவு நிலம் கொஞ்சம், ஓர் எருமை, ஒரு நாய், ஒரு புல்வேய்ந்த வீடு. சொத்து அவ்வளவுதான். மேலே காடு, கீழே பள்ளத்தாக்கு. அடுத்த குடியானவன் வீட்டுக்கு நடந்தால், போய்ச் சேருவதற்குள் எதற்குப் புறப்பட்டோம் என்பதே மறந்துபோகும்.

பூண்டு அப்போது இப்போது இருப்பதுபோல் இல்லை. உள்ளே பல் கிடையாது. வெங்காயம்போல ஒரே உருண்டை, கைக்குள் அடங்காத உருண்டை. மேலே வெள்ளை வெள்ளையாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏகப்பட்ட தோல். அதைக் கொண்டுபோய் மண்ணில் ஊன்றினால் தண்டு விட்டுப் பூக்கும், கறுப்பாக விதை வைக்கும். அந்த விதையைத் தூவித்தான் அடுத்த வெள்ளாமை. அதனால் ஒவ்வோர் அறுப்பிலும் நல்ல பூண்டாகப் பார்த்து ஒதுக்கி, அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி கட்டித் தொங்கவிடுவார்கள். விதைப்பூண்டு என்று பெயர். பட்டினி கிடந்தாலும் அதில் கைவைக்கமாட்டார்கள்.

விதைப்பூண்டு பொறுக்குவது சடையனுடைய வேலை. இளையவன், இன்னும் கல்யாணம் ஆகாதவன். வேறு எந்த வேலையிலும் அண்ணனுக்கு ஒரு பிடி குறைவுதான். ஆனால் பூண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தால் அது தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், மனிதனுக்கு ஏதாவது ஒன்றில் கர்வம் வேண்டும்தானே.

ஒரு வருஷம், மழை விட்டதும் உப்பு வாங்கிவர சடையன் தலையில் கேழ்வரகு மூட்டையோடு அடிவாரத்துக்கு இறங்கினான். போன இடத்தில் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டு, வழி சரிந்து, அவனால் உடனே திரும்ப முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து அண்ணன் பெண்டாட்டி செவந்தாயிக்குப் பிரசவம் ஆனது. பெண்பிள்ளை. பிள்ளை நன்றாக இருந்தது, தாய்க்குத்தான் பால் சுரக்கவில்லை. பால் ஊறப் பூண்டு வேண்டும் என்பது அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் தெரியும். வீட்டில் சமையலுக்கு வைத்திருந்த பூண்டு தீர்ந்தது. பிள்ளை அழுதது. வீரணன் பரணை அண்ணாந்து பார்த்தான். முதலில் ஒன்று எடுத்தான். பிறகு இன்னொன்று.

சடையன் திரும்பி வந்து, உப்பு மூட்டையைக்கூட இறக்காமல் பரணைப் பார்த்தான். ஒரே ஒரு பூண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் கோபப்பட்டதில் தப்பில்லை. விதையைத் தின்றுவிட்டால் அடுத்த வருஷம் என்ன செய்வது என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்ட விதம் ஒன்று இருக்கிறதே. அதுவரை அண்ணனை ‘நீங்க’ என்றுதான் பேசியிருந்தான். அன்று ‘நீ’ வந்துவிட்டது.

“அடுத்த வருசம் நெலத்துல எதைக் கொண்டுபோயி ஊனுவ? ஒம் பிள்ளையவா?”

உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த செவந்தாயி காதில் அது விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். வீரணனும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் திருப்பிக் கத்தியிருந்தால் சண்டையாகி, சண்டை முடிந்து, சோறு தின்றிருப்பார்கள். அந்த மௌனம் சடையனுக்குத் தாங்கவில்லை. “பிரிச்சுக் குடுத்துரு” என்று கேட்டுவிட்டான்.

பிரித்தார்கள். எல்லாவற்றிலும் சரிபாதி வேண்டும் என்று சடையன் பிடித்த பிடியில் நின்றான். மேட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளடா என்று வீரணன் சொன்னதற்கு, வீம்புக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தை எடுத்துக்கொண்டான். பனி பள்ளத்தில்தான் தேங்கும் என்று தெரியாதவன் இல்லை. பெரிய கம்பளியை நடுவில் அறுத்தார்கள். திரிகையில் மேல்கல் தம்பிக்கு, அடிக்கல் அண்ணனுக்கு என்று ஆனது. மேல்கல்லை வைத்துக்கொண்டு எதன்மேல் அரைப்பது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. எருமை சினையாக இருந்ததால் அது ஈன்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நாய்தான் சிக்கலாகிப்போனது.

கருவாயன் என்று அதற்குப் பெயர். “வேணும்னா என்னய நடுவுல பொளந்துக்கங்க. தலைப்பக்கம் யாருக்குன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிருங்க” என்றது. கடைசியில், அது இஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் போய்வரட்டும் என்று முடிவானது.

மிச்சமிருந்த ஒற்றைப் பூண்டைப் பாதியாக்க முடியாது. வெட்டிய பூண்டு முளைக்காது. வீரணனே அதைப் பரணிலிருந்து அவிழ்த்துத் தம்பி கையில் கொடுத்தான். “வெதை ஒனக்குத்தான். நீதான அதுக்குக் காவல் இருந்தவன்” என்றான். அதைக் குத்தலாகச் சொன்னானா, மனதாரச் சொன்னானா என்று சடையனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

மேல்மலையில் பிரிவினைக்கு ஒரு முறை இருந்தது. நிலத்தைப் பிரித்தால் போதாது, அடுப்பைப் பிரிக்க வேண்டும். பிரிந்து போகிறவன் பழைய அடுப்பிலிருந்து தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு போய்ப் புது அடுப்பை மூட்டுவான். அதோடு அவன் தனிக்குடி. அந்த நெருப்பு அணைந்துபோய், விட்டுவந்த அடுப்பிலேயே மறுபடி நெருப்புக் கேட்டுப் போய் நின்றானென்றால், பிரித்தது செல்லாது. அவனும் அவன் பங்கும் திரும்பவும் மூத்தவன் கைக்குப் போய்விடும். அதனால் அந்த மலையில் தனிக்குடித்தனம் போனவன் பெண்டாட்டியை மறந்தாலும் மறப்பான், அடுப்பை மறக்கமாட்டான்.

சடையன் பள்ளத்தில் குடிசை போட்டு, அடுப்பு மூட்டி, பூண்டைப் பரணில் கட்டினான். கார்த்திகை கழிந்ததும் குளிர் இறங்கியது.

அந்த வருஷத்துக் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல வெளுத்துக் கிடக்கும். பானைத் தண்ணீரில் கண்ணாடிபோல ஓர் ஏடு கட்டியிருக்கும், விரலால் குத்தி உடைத்துத்தான் மொள்ள வேண்டும். கால் பித்தவெடிப்பில் ரத்தம் கசிந்தது. அரைக் கம்பளியை இழுத்துத் தலையை மூடினால் கால் வெளியே கிடந்தது, காலை மூடினால் தலை வெளியே கிடந்தது. கேழ்வரகை அரைக்க வழியில்லாமல் முழுசாக வேகவைத்துத் தின்றான். அது வயிற்றில் போய்க் கூழாங்கல்லாக உட்கார்ந்தது. இதெல்லாம் உடம்புக் கஷ்டம். உடம்புக் கஷ்டத்தை மலைக்காரன் ஒரு பொருட்டாகச் சொல்லமாட்டான்.

அவனுக்குத் தாங்காதது வேறு. அண்ணனோடு இருந்த பெரிய வீட்டில் காலையில் யார் முதலில் எழுந்தாலும் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “பனி எறங்கியிருக்கு” என்று ஒரு குரல் கொடுப்பார்கள். உள்ளே கம்பளிக்குள்ளிருந்து யாராவது, “ஆமா, நீ சொல்லித்தான் தெரியணும். கதவச் சாத்து” என்று முனகுவார்கள். தினமும் அதே பேச்சு. பள்ளத்துக் குடிசையிலும் சடையன் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்து, “பனி எறங்கியிருக்கு” என்றான். முனக ஆளில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவனே கதவைச் சாத்தினான்.

பேச்சுத்துணைக்கு இருந்தது அந்தப் பூண்டு ஒன்றுதான்.

“ஏன் சடையா, இத்தன தோலு உடுத்தியிருக்கனே, எனக்குக் குளிராதுன்னுதான நெனைக்கிற?” என்று ஒருநாள் அது பரணிலிருந்து கேட்டது.

“குளிருமா?”

“வெளியில குளிரல. நடுவுலதான் குளிருது. அங்க நான் மட்டுந்தான் இருக்கேன்.”

சடையனுக்கு அது நன்றாகவே விளங்கியது. ஆனால் ஒப்புக்கொண்டால் தன் கதையும் அதுதான் என்றாகிவிடும் என்பதால், “பேசாமக் கெட. மாசி பொறக்கட்டும், மண்ணுல ஊனுறேன். பூப்ப, வெதை வைப்ப. அப்பறம் இந்தப் பள்ளம் பூரா ஒன்னோட கூட்டந்தான்” என்றான். அவன் பிழைப்பே அந்த ஒரு பூண்டில்தான் இருந்தது. அது முளைத்தால் சடையன் ஒரு குடியானவன். அது வீணானால், வாய் நீண்டதனால் வீட்டைப் பிரித்துக்கொண்டு வந்த ஒரு முட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கருவாயன் மட்டும் வெயில் ஏறினதும் ஓடையைத் தாண்டி வரும். வந்த புதிதில், “அங்க பிள்ளை இருக்குதுல்ல” என்று ஆரம்பித்தது. சடையன் கையிலிருந்த விறகை ஓங்கிவிட்டான். “அந்த வீட்டுப் பேச்ச இங்க எடுக்காத. எடுக்கிறதா இருந்தா இந்தப் பக்கமே வராத” என்றான். அதிலிருந்து நாய் வந்து, அடுப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் படுத்து, போட்டதைத் தின்றுவிட்டு, வாயைத் திறக்காமல் போய்விடும். குளிர் முற்ற முற்ற, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. அந்தக் குடிசையில் வெதுவெதுப்பும் இல்லை, பேச்சும் இல்லை, நாய் எதற்காக வரும்?

மேட்டில் அண்ணன் வீட்டுக் கூரையிலிருந்து புகை கிளம்புவதைச் சடையன் தினமும் பார்ப்பான். பார்க்கவில்லை என்று பூண்டிடம் சொல்வான். பூண்டும் நம்பினதுபோல இருந்துவிடும்.

பெரிய வீட்டில் நெருப்பு அவ்வளவு சுலபமாக அணையாது. யாருக்காவது தூக்கம் வராது, பிள்ளை அழும், எருமை கத்தும். எழுந்தவர்கள் போகிறபோக்கில் கட்டையை உள்ளே தள்ளிவிட்டுப் போவார்கள். அது ஒரு வேலை என்றே யாருக்கும் தோன்றாது. தனியாளுக்கு அந்த வசதி இல்லை. தைமாதக் குளிரில் சடையனுக்குக் காய்ச்சல் கண்டு, அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டான். விழித்தபோது விடிந்திருந்தது. அடுப்பில் கைவைத்துப் பார்த்தான். சாம்பல், தண்ணீரைத் தொட்டதுபோல இருந்தது.

கல்லோடு கல்லை உரசிப் பார்த்தான். பொறி வந்தது, பஞ்சு ஈரமாக இருந்ததால் பிடிக்கவில்லை. அன்று முழுக்க அரைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஊறவைத்த கேழ்வரகை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். செத்தாலும் சாவேன், அந்த வாசலில் போய் நிற்கமாட்டேன் என்று பூண்டிடம் சொன்னான். மறுநாள் விடிந்ததும் பூண்டு சொன்னது: “எம் மேல்தோலு வெறைச்சுப்போச்சு சடையா. இன்னொரு நாளு இப்பிடியே போனா உள்ளயும் வெறைச்சுரும். அப்பறம் என்னய ஊனுனாலும் ஒண்ணுதான், ஓடையில எறிஞ்சாலும் ஒண்ணுதான்.”

சடையன் எழுந்தான். பூண்டை மடியில் முடிந்துகொண்டு சட்டியை எடுத்தான். பூண்டுக்காகத்தான் போகிறேன், எனக்காக இல்லை என்று ஓடையைத் தாண்டும்போது இரண்டு முறை சொல்லிக்கொண்டான்.

வீரணன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். தம்பி ஏறி வருவதைப் பார்த்தான். கையில் வெறும் சட்டியையும் பார்த்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று மலையில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சடையன் வாயைத் திறப்பதற்குள் வீரணன் கோடரியைப் போட்டுவிட்டு வந்து, சட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனான். தணல் நிறைத்துக் கொண்டுவந்து தம்பி காலடியில் வைத்தான்.

“நீ கேக்கல, நான் குடுக்கல. சட்டி கெடந்துச்சு, நெருப்பு விழுந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போ” என்று சொல்லிவிட்டு, மறுபடி கோடரியை எடுத்துக்கொண்டான்.

பங்கு பிழைத்தது, மானம் பிழைத்தது. சடையனுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் போ என்று அண்ணன் சொன்ன சொல் நெஞ்சில் போய்க் குத்தியது. இரு என்று சொல்லமாட்டானா என்று தான் இத்தனை நாளும் காத்துக்கிடந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. நல்ல பிள்ளை அழுகிற அழுகை இல்லை. பூனைக்குட்டி முனகுகிறமாதிரி ஒரு சத்தம். வீரணன் விறகைப் பிளப்பதை நிறுத்தவில்லை. சடையன் சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

ஓடைவரைக்கும் கருவாயன் கூடவே வந்தது.

“பிள்ளைக்கு என்ன?” என்று கேட்டான்.

“அந்த வீட்டுப் பேச்ச எடுக்கக் கூடாதுன்ன.”

“இப்ப எடு.”

நாய் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னது. “மதினிக்குப் பால் நின்னுபோச்சு. குளிரு ஒருபக்கம். திரிகை இல்லாம ஒரல்ல போட்டு இடிக்கிறாங்க, அந்த வேலை ஒருபக்கம். எருமையும் மடி வத்திக் கெடக்கு. கஞ்சித் தண்ணியத் துணியில நனைச்சுப் பிள்ளை வாயில வைக்கிறாங்க. அது சப்புது, அப்பறம் அழுவுது. இப்ப அழுவுறதும் கொறைஞ்சுபோச்சு.”

“எப்பத்துலருந்து?”

“பனி எறங்குனதுலருந்து.”

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

“வெறகக் காட்டுனியே” என்றது நாய். அதில் கோபம்கூட இல்லை. “மதினி ஒன்னய ஒரு வார்த்தகூட வையல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

சடையன் ஓடைக்கரைப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். சட்டியின் சூடு மடியில் பட, பூண்டுக்கு விறைப்பு கொஞ்சம் விட்டது.

“என்னயக் கொண்டுபோயிக் குடுத்துரு” என்றது.

அவனுக்கும் அதே நினைப்புத்தான். அதனாலேயே கோபம் வந்தது. “ஒன்னயக் குடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு? வெதையத் தின்னதுக்குத்தான வீட்டையே பிரிச்சேன். இப்ப நானே கொண்டுபோயிக் குடுத்தா, இத்தன நாளு இந்தப் பள்ளத்துல நான் எதுக்குக் கெடந்தேன்?”

“எனக்குத் தெரியல. நானும் அதைத்தான் பரண்ல தொங்கிக்கிட்டே யோசிச்சேன்” என்றது பூண்டு.

தணல் சட்டிக்குள் சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது. ஊதிவிட வேண்டும். சடையன் ஊதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வந்த வழியே மேட்டில் ஏறினான். இந்த முறை யாருக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

வீரணனைத் தாண்டி நேராக உள்ளே போனான். செவந்தாயி அடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதிக் கம்பளி பிள்ளைமேல் கிடந்தது, அவளுக்கு மேலே ஒன்றுமில்லை. சடையன் பூண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“மதினி, நான் அன்னைக்குச் சொன்னது...”

“அதைச் சொல்லாத தம்பி” என்றாள். “திரும்பச் சொன்னா திரும்பக் காதுல விழும்.”

“இதையாவது எடுத்துக்கங்க.”

செவந்தாயி பூண்டைப் பார்த்தாள். கண்ணில் ஆசை தெரிந்தது. ஆனால் தலையை ஆட்டினாள். “வெதையத் திங்கமாட்டேன். ஒருதடவ தின்னது போதும். பால் வந்துச்சு, கூடவே அந்தப் பேச்சும் வந்துச்சு. பிள்ளைக்குப் பாலக் குடுத்துட்டுப் பேச்ச எங்க வைக்கிறதுன்னு தெரியாம, நாந்தான் இத்தன நாளு வச்சுக்கிட்டிருக்கேன்.”

சடையன் அவள் காலில் விழப் போனான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். வீரணன் வந்து நிலைப்படியில் நின்று பார்த்தான். அவனும், “எடுத்துக்க செவந்தாயி” என்று சொன்னான். அவள் அசையவில்லை. பிடிவாதத்தில் அந்த வீட்டில் ஒருவருக்கு ஒருவர் இளைத்தவர்கள் இல்லை. பிள்ளை வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. மூன்று பெரிய மனிதர்களும் ஒரு பூண்டை நடுவில் வைத்துக்கொண்டு, தொடத் தைரியமில்லாமல் இருந்தார்கள்.

அப்போது பூண்டு பேசியது.

“நான் ஒண்ணா இருக்கிறதாலதான இந்த வம்பு? வெதைன்னா சாப்பாடு இல்ல, சாப்பாடுன்னா வெதை இல்ல. ஒத்தையா இருந்து இருந்து எனக்கும் நடுவுல குளிருது. கொஞ்சம் அடுப்புப் பக்கமா என்னயத் தள்ளி வையுங்க.”

சடையன் தள்ளி வைத்தான். “செத்துப்போயிருவ. வெட்டுன பூண்டு மொளைக்காது” என்றான்.

“வெட்டுனாத்தான் மொளைக்காது. நானா ஒடைஞ்சு பாக்கிறேன்” என்றது பூண்டு.

குளிரில் விறைத்திருந்த பூண்டு அடுப்புச் சூட்டில் மெல்ல இளகியது. உள்ளே எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு சத்தம். உருண்டை பல துண்டாகப் பிரிந்தது. பிரிந்த துண்டுகளுக்குக் குளிர் தாங்கவில்லை, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. பூண்டு அத்தனை காலமும் மேலே உடுத்திருந்த தோல்கள் இருந்தனவே, அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து, துண்டுக்கு ஒன்றாகப் போர்த்திக்கொண்டது. வெளித்தோலை மட்டும் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து மூடிக்கொள்ள அதை அப்படியே விட்டது.

“எடுத்துக்க தாயி” என்றது உள்ளிருந்து. ஒரு குரலாக இல்லை, பல குரலாக வந்தது. “எத்தன வேணும்னாலும் எடுத்துக்க. ஒண்ணு மிஞ்சுனாக்கூட நாங்க பொழச்சுக்குவோம்.”

செவந்தாயி கையை நீட்டி ஒரு பல்லைப் பிரித்தெடுத்தாள். மிச்சம் அப்படியே முழுதாக இருந்தது. விதை இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பூண்டைக் கஞ்சியில் போட்டாள். சடையன் விறகைத் தள்ளினான். அன்றும் தின்றாள், மறுநாளும் தின்றாள். அதற்கடுத்த நாள் காலையில் பிள்ளை வீடே அதிரும்படி அழுதது, பிறகு சத்தமில்லாமல் பால் குடித்தது. அந்த அழுகையைக் கேட்டு வீரணன் சிரித்ததைச் சடையன் பார்த்தான்.

பள்ளத்துக் குடிசையைச் சடையன் பிரித்துக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் ஒரே வீடாகிவிட்டார்கள் என்று நான் சொன்னால் அது பொய். சொன்ன சொல் சொன்னதுதான். செவந்தாயி அதை மறக்கவில்லை, மறந்ததாகச் சொல்லவும் இல்லை. வீரணன் வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டி, அதே கூரையை நீட்டி, சடையன் தனக்கு ஓர் அறை போட்டுக்கொண்டான். அவனுக்கு அவன் அடுப்பு, அவர்களுக்கு அவர்கள் அடுப்பு. காலையில் அவன் கதவைத் திறந்து, “பனி எறங்கியிருக்கு” என்று சொன்னால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் திட்டுவான். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. முழுக்கப் போதுமா என்று கேட்டால், சில குளிர் வேளைகளில் இல்லைதான்.

மிஞ்சிய பற்களைப் பனி விடுவதற்கு முன்பே ஒவ்வொன்றாக மண்ணில் ஊன்றினான். முதல் பல்லைப் பிரிக்கும்போது, “என்ன, குளிருதா?” என்று கேட்டான். பதில் வரவில்லை. காதருகே வைத்துக் கேட்டுப் பார்த்தான். தோலுக்குள் பல்லும் பல்லும் தங்களுக்குள் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தன. அவனோடு பேச வேண்டிய தேவை இனிமேல் அவற்றுக்கு இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்கத் தனக்குத் துணையாக இருந்த ஒரே குரல் போய்விட்டது என்று சடையனுக்குத் தெரிந்தது. நல்லது என்றுதான் நினைத்தான். நினைத்துவிட்டு, அன்று வரப்பில் வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான்.

ஊன்றியது எல்லாம் முளைத்தது. ஒவ்வொரு பல்லும் ஒரு குடும்பமாக மண்ணிலிருந்து வந்தது. எதுவும் கறுப்பு விதை வைக்கவில்லை. விதைக்கு என்று ஒதுக்க வேண்டியதைத்தான் தனக்குள்ளேயே பங்கு போட்டு வைத்திருந்ததே. அடிவாரத்துக்காரர்கள் சிலர் ஆசைப்பட்டு வாங்கிப்போய்க் கீழே வெதுவெதுப்பான மண்ணில் ஊன்றினார்கள். அங்கே வந்தது பல்லில்லாத பழைய உருண்டை.

அன்று முதல்தான், பூண்டு மனிதரோடு பேசுவதை விட்டது. குளிரில் கிடந்த பூண்டு பல பல்லாகப் பிரிந்து, பல்லுக்கு ஒரு தோலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தோலுமாக உடுத்திக்கொண்டு ஒட்டிக்கிடக்கிறது. குளிரென்றால் என்னவென்று அறியாத பூண்டு மட்டும் இன்றைக்கும் ஒற்றையாகவே இருந்துவிடுகிறது.